பைக்கு அடியில் ஒரு வரி

எழுத்து தெரிகிறது என்று சொல்லிவிடலாம். அக்கா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்திருக்கிறாள். கட்டிலில் கிடந்தபடி பார்த்தால் தரையில் இருக்கும் பை அவளுக்கு வெறும் வெளிச்சமாகத்தான் தெரியும். தெரிகிறது என்று சொல்லி, பையைக் கழிப்பறையில் ஊற்றிவிட்டு, நோட்டில் 'தெளிவு' என்று எழுதிவிடலாம். மத்தியானப் பை வேறு மாதிரி இருக்கலாம். யாரும் கை வைக்காமலே எத்தனையோ விஷயங்கள் தெளிந்திருக்கின்றன.

தங்கை தரையில் மண்டியிட்டிருந்தாள். தட்டின் மேல் செய்தித்தாள், அதன் மேல் பை. பைக்குள் அக்காவின் வயிற்றிலிருந்து சற்று முன் இறங்கிய இரண்டு லிட்டர் நீர். நேற்று வரை அது இளம் மஞ்சளாக, அடியில் இருக்கும் பொடி எழுத்தைப் படிக்க விடுகிற நீராக இருந்தது. இன்று லென்ஸ் தேய்க்கும் கல்லிலிருந்து வழியும் நீரைப் போல இருந்தது. மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் இருபத்திரண்டு வருடம் லென்ஸ் தேய்த்தவள் அவள். கலங்கல் என்றால் என்னவென்று யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"என்னடி பூனை, இன்னிக்கு மாப்பிள்ளை எவனாவது தேறுறானா?" என்றாள் அக்கா. கேட்டுவிட்டுச் சிரிக்கப் போனவள் பாதியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

சத்தமில்லாமல் நடமாடும் தங்கைக்கு அக்கா வைத்த பேர் பூனை. இப்படிக் கேட்பது அவர்களுக்குள் இருந்த பழக்கம். அக்காவின் சிறுநீரகங்கள் நின்று மூன்று வருடமாகிறது. ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மெஷினுக்காக இரண்டு கையிலும் நரம்பைச் சேர்த்துத் தைத்துப் பார்த்தார்கள், இரண்டும் அடைத்துக்கொண்டன. இதயமும் பலவீனம். கடைசியில் தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரு குழாயைப் பதித்து, வீட்டிலேயே செய்துகொள்ளுங்கள் என்று அனுப்பினார்கள். நாளுக்கு நான்கு முறை, பழைய நீரை இறக்கிவிட்டுப் புது நீரை வயிற்றில் ஏற்ற வேண்டும். இறங்கிய நீரை அச்செழுத்தின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். எழுத்தைப் படிக்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் உள்ளே கிருமி புகுந்துவிட்டது என்று அர்த்தம், உடனே கிளம்பி வந்துவிட வேண்டும் என்று பயிற்சி கொடுத்த நர்ஸ் சொல்லியிருந்தாள்.

எந்த எழுத்து என்பதை அக்காதான் முடிவு செய்தாள். அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்தியவள். செய்தித்தாளில் துணை தேடுவோர் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தாள். "அதுலதான் எழுத்தும் பொடிசு, பிழையும் ஜாஸ்தி, பொய்யும் ஜாஸ்தி" என்றாள். ஐம்பத்தொரு வயதாகியும் கல்யாணமாகாத தங்கைக்குத் தன் வயிற்று நீரின் வழியாக நாளுக்கு நான்கு முறை வரன் பார்த்தாள்.

"சொல்லேன்டி."

"தெரியலக்கா."

"தேறலையா, தெரியலையா? ப்ரூஃப் பாக்கறவகிட்ட ஒரு எழுத்தை மாத்திச் சொல்லாத."

"தெரியல."

அக்கா மேலே மின்விசிறியைப் பார்த்தாள். பை மாற்றும்போது காற்று கூடாது என்பதால் அது நின்றிருந்தது. அதன் இறக்கைகளில் தூசி இல்லை. தங்கைதான் வாரத்துக்கு இருமுறை துடைப்பாள்.

"சரி, பையைத் தூக்கிப் போட்டுடாத. டீச்சருக்குக் காட்டணும்" என்றாள் அக்கா. நர்ஸை அவள் டீச்சர் என்றுதான் சொல்வாள்.

தங்கை நோட்டை எடுத்துக் 'கலங்கல்' என்று எழுதினாள். இரண்டு நாளுக்கு முந்தைய வரியில் 'குறிப்பு' என்ற கட்டம் காலியாக இருந்தது. அதைப் பார்க்காமல் நோட்டை மூடினாள்.

*

ஆஸ்பத்திரியில் ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடத்தின் சுவர், அதில் மேலிருந்து கீழ்வரை குழாய்கள். "பாரு, இங்கயும் எனக்குக் குழாய்தான்" என்றாள் அக்கா. நர்ஸ் சிரிக்கவில்லை. பையிலிருந்து ஊசியில் நீரை எடுத்துச் சின்னச் சீசாக்களில் அடைத்துச் சோதனைக்கு அனுப்பினாள். புதுப் பைக்குள் மருந்தைச் செலுத்தி, அதை வயிற்றுக்குள் ஏற்றினாள். அவள் கை வேகத்தைத் தங்கை பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு அசைவும் வீணில்லை. மூக்கிலிருந்து மோவாய் வரை மாஸ்க், விளிம்பு எங்கும் பிரியவில்லை.

"அஞ்சு நாள் பாப்போம்" என்றாள் நர்ஸ். "மருந்து பிடிச்சா ரெண்டு மூணு நாள்லயே தெளிய ஆரம்பிச்சுடும். அஞ்சாவது நாளும் தெளியலைன்னா குழாயை எடுத்துடுவாங்க. உள்ள இருக்கற பிளாஸ்டிக்ல கிருமி ஒட்டிக்கிச்சுன்னா மருந்துக்கு அசையாது."

"எடுத்துட்டு?" என்று அக்கா கேட்டாள்.

"அதை டாக்டர் சொல்வாருங்க."

"அவரு அன்னிக்கே சொல்லிட்டாரும்மா. இந்த வயித்துக் குழாய்தான் மிச்சம், பத்திரமா வெச்சுக்கோங்கன்னு." அக்கா தங்கையின் பக்கம் தலையைச் சாய்த்துக் காட்டினாள். "அதனாலதான் இவகிட்ட குடுத்து வெச்சேன். இவ கை ஆடவே ஆடாது. ஒரு தூசி ஒட்டாம ஃப்ரேம்ல லென்ஸ் மாட்டுவா."

அவள் ஜன்னலோரம் போய் நின்றுகொண்டாள்.

முதல் வருடத்திலும் ஒருமுறை கலங்கியது. அப்போது மூன்றாம் நாள் காலையில் பைக்கு அடியில் 'சொந்த வீடு' என்ற சொல் மங்கலாக எழுந்து வந்தது. அக்கா கையைத் தட்டி, "வீடு வந்துருச்சு, மாப்பிள்ளை பின்னாடியே வருவான்" என்றாள். அதையே பிடித்துக்கொண்டு தங்கை இம்முறையும், வீட்டில் பைக்கு அடியில் விரித்திருந்த பக்கத்தை மடித்துக் கைப்பையில் கொண்டுவந்திருந்தாள். புதுத் தாள் வாங்கத் தோன்றவில்லை. இதே தாளில், இதே வரிகள் திரும்பி வர வேண்டும் என்று இருந்தது.

இரண்டாம் நாள் வரவில்லை.

மூன்றாம் நாள் பை அடர்த்தியாகவே இருந்தது. தாளின் கறுப்பு, சாம்பலாகக்கூட மேலே வரவில்லை. அக்கா இப்போது கேட்பதை நிறுத்தியிருந்தாள். வலி வரும்போது கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, உதட்டை மட்டும் அசைத்து எதையோ எண்ணினாள்.

அன்று மத்தியானம் நர்ஸ் சோதனை முடிவோடு வந்தாள். கையில் ஒரு படிவம்.

"கிருமி என்னன்னு தெரிஞ்சுடுச்சு. பொதுவா தோல்ல இருக்கற கிருமிதான் வரும், கை சரியாக் கழுவலைன்னா. இது அது இல்ல. இது வாயில இருக்கற கிருமி." படிவத்தைப் புரட்டினாள். "காரணம்னு ஒரு கட்டம் இருக்கு, நான் நிரப்பணும். யாரையும் குத்தம் சொல்றதுக்கு இல்ல, அடுத்தவங்களுக்குப் பாடம் நடத்த உதவும். மூடி போடற நேரத்துல யாராவது மாஸ்க் இல்லாம இருந்தீங்களா? பேசினீங்களா? தும்மினீங்களா?"

தங்கை வாயைத் திறந்தாள். மாஸ்க்குக்குள் அது திறந்ததும் யாருக்கும் தெரியவில்லை.

"நான்தான்" என்றாள் அக்கா. "இவளைப் பாத்தாப் பேசறவ மாதிரியா இருக்கு? நான்தான் வாயாடி. மாஸ்க்கை இறக்கிட்டு ஏதோ பேசிட்டேன். எழுதிக்கோங்க டீச்சர்."

நர்ஸ் எழுதிக்கொண்டாள். 'நோயாளி' என்று எழுதுவதைத் தலைகீழாகத் தங்கை படித்தாள்.

*

அது அப்படி நடக்கவில்லை.

நீர் ஏறி முடிந்ததும் பையின் குழாயைக் கழற்றிவிட்டு, உள்ளே பழுப்பு மருந்துப் பஞ்சு வைத்த சிறு மூடியை அக்காவின் குழாய் முனையில் திருக வேண்டும். கழற்றுவதற்கும் திருகுவதற்கும் நடுவில் இரண்டு மூன்று மூச்சு நேரம் அந்த முனை திறந்திருக்கும். அப்போது யாரும் பேசக்கூடாது. அக்கா அதற்கு ஊமை நேரம் என்று பேர் வைத்திருந்தாள்.

அந்த நேரம் தங்கைக்குப் பிடித்திருந்தது. இதை அவள் தன்னிடமே மெதுவாகத்தான் ஒப்புக்கொண்டாள். அக்கா வீட்டில் அவள் இருபது வருடமாக ஒரு ஓரத்தில் இருந்தவள். அக்காவின் பேச்சுக்கு நடுவில், அக்காவின் கணவர் இருந்தவரை அவருடைய செருமலுக்கு நடுவில், அக்கா மகனின் பள்ளிக்கூடப் பைகளுக்கு நடுவில். கதவைச் சாத்தி, காற்றை நிறுத்தி, முழங்கை வரை கையைக் கழுவிக்கொண்டு வந்து அவள் உட்கார்ந்தால் அந்த அறை அவள் சொன்னபடி கேட்டது. அக்காவின் வாய்கூட மூடிக்கொண்டது. உயிரோடு இருக்கும் ஒரு மனுஷி மூச்சைப் பிடித்துக்கொண்டு தன் கையையே பார்ப்பது யாருக்குத்தான் பிடிக்காது.

ஒரே ஒரு தொந்தரவு, அவளுடைய மூக்குக் கண்ணாடி. மாஸ்க்குக்குள்ளிருந்து மேலே எழும் மூச்சு கண்ணாடியில் படிந்துவிடும். சரியாக மூடியைத் திருகும் நொடியில் குழாயின் முனை பனிக்குள் போய்விடும். நர்ஸிடம் கேட்டிருந்தால் மூக்குத் தண்டில் ஒட்டிக்கொள்ள ஏதாவது கொடுத்திருப்பாள். அவள் கேட்கவில்லை. இருபத்திரண்டு வருடம் மற்றவர்களுக்குத் தெளிவாகக் கண்ணாடி மாட்டிவிட்டவளுக்கு, எனக்குத் தெரியவில்லை என்று போய் நிற்கக் கூச்சமாக இருந்தது. அதற்குப் பதிலாகத் தனக்குத் தானே ஒரு சட்டம் எழுதிக்கொண்டாள். அந்த மூன்று மூச்சு நேரத்துக்கு மாஸ்க்கை மோவாய்க்கு இறக்கிவிடுவது, மூச்சைப் பிடித்துக்கொள்வது. மூச்சுவிடாத வாயிலிருந்து எது வந்துவிடப் போகிறது? ஆறு மாதமாக ஒன்றும் வரவில்லை. அக்காவும் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அக்கா அவளை அவ்வளவு நம்பினாள்.

அன்று, நீர் கலங்குவதற்கு இரண்டு நாள் முன்பு, அவள் குழாயைக் கழற்றினாள். கண்ணாடி தெளிவாக இருந்தது, மாஸ்க் மோவாயில் இருந்தது, மூச்சு நெஞ்சில் இருந்தது. இடது கையில் அக்காவின் குழாய், ஒரு சாண் தூரத்தில். அக்கா மாஸ்க்கோடு, கண்ணாடியோடு, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கீழே பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குடும்பப் பாம்பான பெண் தேவை" என்றாள் அக்கா.

பிழையைக் கண்டால் அக்காவால் பொறுத்துக்கொள்ள முடியாது. ஊமை நேரமாவது, மண்ணாவது.

"பாங்கானன்னு போடறதுக்குப் பாம்பானன்னு போட்டிருக்கான்டி. இந்த ஆளுக்குத்தான் உன்னைக் குடுக்கணும். ஆனா பூனைன்னு தெரிஞ்சாத் திருப்பி அனுப்பிடுவான். வாசல்லயே சட்டையை உரிச்சுட்டு உள்ள போ."

அது எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியாது. பிடித்துவைத்திருந்த மூச்சு மொத்தமும் சிரிப்பாகக் குழாயின் வாயின் மேல் வெடித்தது. மூடியைத் திருகிவிட்டாள், கை அப்போதும் ஆடவில்லை. அதன் பிறகு இருவரும் சிரித்தார்கள். அக்கா உள்ளே இரண்டு லிட்டர் நீர் தளும்பத் தளும்ப, ஐயோ வயிறு, ஐயோ வயிறு என்று சிரித்தாள். தங்கைக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது. அந்த அறையில் அதற்கு முன் யாரும் அப்படிச் சிரித்ததில்லை.

சிரிப்பு அடங்கிய பிறகு அவள் கேட்டாள். "டீச்சருக்குப் போன் பண்ணிச் சொல்லணுமாக்கா?" சந்தேகம் வந்தால் சொல்ல வேண்டும்; உடனே வரச் சொல்லி, வெளிக்குழாயை மாற்றி, முன்கூட்டியே மருந்து கொடுப்பார்கள். பயிற்சியில் அது முதல் நாள் பாடம்.

"என்னன்னு சொல்லுவ? பாம்பு வந்துச்சுன்னா?" என்றாள் அக்கா. மறுபடியும் சிரிப்பு.

அவள் போன் பண்ணவில்லை. அக்கா தடுத்ததால் இல்லை. நோட்டைத் திறந்து 'குறிப்பு' என்ற கட்டத்தைப் பார்த்தபோது, அதில் என்ன எழுதினாலும் அது ஒரு தப்பின் பெயராக இருக்கும் என்று தோன்றியது. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு கிடைத்த ஒன்றை ஒரு கட்டத்துக்குள் தப்பு என்று எழுதி ஒப்படைக்க அவளுக்கு மனம் வரவில்லை. ஒரே ஒரு நாள் தன்னோடு வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அவ்வளவுதான்.

இப்போது அக்காவின் வயிற்றுக்குள் வளர்வது அவளுடைய வாயிலிருந்து போனது. ஐம்பத்தொரு வருடம் தேவைக்கு மேல் திறக்காத வாய்.

*

நான்காம் நாள் அக்காவின் மகன் தூர ஊரிலிருந்து போனில் பேசினான்.

"அம்மா மாஸ்க்கை எடுத்துட்டுப் பேசினாங்களாமே. நீங்க பக்கத்துல இருந்தீங்கள்ல சித்தி, சொல்லக்கூடாதா?"

"சொல்லியிருக்கணும்" என்றாள்.

"உங்களைக் குத்தம் சொல்லல. நீங்க இருக்கீங்கன்னுதான் நான் இங்க நிம்மதியா இருக்கேன்."

போனை வைத்துவிட்டு அவள் அக்காவிடம் போனாள். இன்று சொல்லிவிட வேண்டும், நர்ஸை அழைத்து, அக்கா முன்னாலேயே, அந்தக் கட்டத்தில் என் பெயரைப் போடுங்கள் என்று.

அக்கா அவள் முகத்தைப் பார்த்ததுமே சொன்னாள். "வேண்டாம். நீ எதைச் சொல்ல வந்தாலும் வேண்டாம். நான் எழுதி அனுப்பிட்டேன், அச்சுக்குப் போயிருச்சு. இனிமே திருத்த முடியாது."

"ஏங்க்கா இப்படிப் பண்ணின?"

"உன் பேரை எழுதினா அவங்க அடுத்த தடவை உன் கையில குழாயைக் குடுக்க மாட்டாங்க. எனக்கு வேற கை வேண்டாம்."

அடுத்த தடவை என்று ஒன்று இருப்பதுபோல அக்கா பேசினாள். தங்கை நர்ஸைக் கூப்பிடப் போகவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அக்கா தந்தது நம்பிக்கை. அதை வாங்கி வைக்க அவளுக்குள் சுத்தமான இடம் ஒன்றுகூட இல்லை.

ஐந்தாம் நாள் காலை. நர்ஸ் பையைத் தட்டில் கிடத்தினாள். தங்கை கைப்பையிலிருந்து தாளை எடுத்து விரித்தாள். மடித்து மடித்து அது மடிப்போரம் கிழிந்திருந்தது. அந்த வரி எங்கே இருக்கிறது என்று அவளுக்கு மனப்பாடம். மூன்றாவது பத்தி, மேலிருந்து ஏழாவது விளம்பரம். பையை அதன் மேல் நகர்த்தி வைத்துக் குனிந்தாள். கண்ணாடியில் பனி படிந்தது. துடைத்துவிட்டு மறுபடி குனிந்தாள். வெள்ளைதான்.

"பாம்பு தெரியுதா?" என்றாள் அக்கா, கண்ணைத் திறக்காமல்.

"இல்லக்கா."

"போகட்டும். அதுக்கும் சொந்த வேலை இருக்கும்."

அன்று மத்தியானமே குழாயை எடுத்தார்கள்.

அதன் பிறகு கழுத்தில் ஒரு குழாயைப் போட்டு, ரத்தம் சுத்தம் செய்யும் மெஷினில் படுக்கவைத்தார்கள். முதல் நாள் நாற்பது நிமிடத்தில் அக்காவின் முகம் வெளுத்து, ரத்த அழுத்தம் இறங்கி, மெஷினை நிறுத்த வேண்டியதாயிற்று. ஒரு நாள் விட்டுப் பார்த்தார்கள். இருபத்தைந்து நிமிடம். அக்காவின் கால்கள் வீங்கிக்கொண்டு வந்தன. மூன்றாவது தடவைக்குப் பிறகு டாக்டர் தங்கையை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, இதயம் ஒத்துழைக்கவில்லை என்றார். புதுக் குழாய் பற்றி அவள் கேட்டாள். வயிறு ஆற வாரங்கள் ஆகும் என்றார். பிறகு தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு, "பையன் வெளியூர்லதானே இருக்காரு? வரச் சொல்லிடுங்களேன்" என்றார்.

அவள் போன் பண்ணினாள். நாளை மாலை வந்துவிடுவதாக மகன் சொன்னான்.

திரும்பி வந்தபோது அக்கா விழித்திருந்தாள். கீழ் இமைகள் உப்பி, முகம் வேறு யாருடையதோ போல இருந்தது. குரல் மட்டும் அவளுடையது.

"என்னவாம்?"

"பையன் வர்றான்."

"ம்." அக்கா அதைச் சரிபார்ப்பதுபோலக் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். "அப்ப சரி."

நர்ஸ் வந்து கழுத்துக் கட்டைப் பார்த்தாள். போகும்போது தங்கையைத் திரும்பிப் பார்த்து, "நீங்க இனிமே எந்நேரமும் மாஸ்க் போட்டுக்கிட்டு இருக்கணும்னு இல்லம்மா. நாங்க கட்டுப் பிரிக்கும்போது போட்டாப் போதும்" என்றாள். அவள் தலையாட்டினாள். நர்ஸ் போன பிறகும் கழற்றவில்லை. எட்டு நாளாக அவள் அதை வீட்டிலும் கழற்றுவதில்லை. சாப்பிட மட்டும், சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து.

"டீச்சரே சொல்லிட்டா" என்றாள் அக்கா. "கழட்டுடி."

"இருக்கட்டும்க்கா."

"வயித்து ஓட்டையைத் தச்சுட்டாங்க. கழுத்துல இருக்கறதைக் கட்டி வெச்சிருக்காங்க. இப்ப உன் வாயில இருந்து என்ன வந்தாலும் எனக்கு ஒண்ணும் பண்ணாது." மூச்சு வாங்கியது. நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "இத்தனை வருஷத்துல நீ அப்படிச் சிரிச்சு நான் பாத்தது அன்னிக்கு ஒரு நாள்தான். அதுவும் நான் குனிஞ்சு தாளைப் பாத்துக்கிட்டு இருந்தேன். சரியாவே பாக்கல."

தங்கை போர்வையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள்.

"கண்ணாடியை எடுத்துக் குடு."

மேஜையிலிருந்து கண்ணாடியை எடுத்தாள். முந்தானை நுனியால் இரண்டு பக்கமும் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மறுபடி ஒரு மூலையைத் துடைத்து, வீங்கிய காதுகளுக்கு நோகாமல் அக்காவின் முகத்தில் மாட்டினாள். கை ஆடவில்லை.

அக்கா கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தாள். ஒரு பக்கத்தைப் பிழை தேடிப் படிக்கும்போது பார்ப்பாளே, அப்படி.

"குடும்பப் பாம்பான பெண் தேவை" என்றாள். காத்திருந்தாள். "ஒரே ஒரு தடவை. எனக்காக."

அவள் கை மாஸ்க்கின் விளிம்பு வரை போனது. உள்ளே வாய் இருந்தது; அதை அவளால் உணர முடிந்தது, சூடாக, ஈரமாக.

"வேண்டாம்க்கா" என்றாள். மூக்கின் மேலிருந்த கம்பியை இரண்டு விரலால் இன்னும் கொஞ்சம் அழுத்திவிட்டுக்கொண்டாள்.